சார்ஜ் ஒப்படைப்பு

எங்கள் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாற்றல் ஆர்டர் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பாசஞ்சரில் ஏறிவிட முடியாது. வருகிறவருக்கு சார்ஜ் கொடுக்க வேண்டும். கல்லாப் பணம், டிக்கெட் அலமாரியில் ஒவ்வொரு ஊருக்கும் அடுத்து விற்க வேண்டிய டிக்கெட்டின் எண், சாவிகள், கைவிளக்குகள், சிவப்புப் பச்சைக் கொடிகள், மூடுபனியில் தண்டவாளத்தில் கட்டுகிற டெட்டனேட்டர்களில் மீதி, சுவர்க் கடிகாரம், கால் ஆடுகிற நாற்காலி வரை எண்ணிக் காட்ட வேண்டும். வருகிறவர் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுவார். ஒரு கொடி குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டியது போகிறவர்தான். எண்ணிக்கை ஒத்துவந்த பிறகே இருவரும் கையெழுத்துப் போடுவோம். இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் ஸ்டேஷன் ஒரு நிமிஷம்கூட அநாதையாக இருக்கக் கூடாது என்பது விதி.

பணி ஓய்வுக்குப் பிறகு இன்னொரு சார்ஜ் கொடுக்க வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை. திருவதிகையில் என் வீட்டுப் பின்கட்டு அறையில் மீட்டர்கேஜ் காலத்துக் காகிதங்களைச் சேர்த்துவைத்த எங்கள் சிறு வட்டம் கலைகிறது. அதற்குப் பெயர் கிடையாது, பதிவு கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது. ஊரில் ‘ரயில் கூட்டம்’ என்பார்கள். ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் ஒருவர், கேங்மேட் ஒருவர், பண்ருட்டியில் சரித்திரம் நடத்திய வாத்தியார், நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்த டிராப்ட்ஸ்மேன் ஒருவர், இன்னும் சிலர். சிலர் காலமாகிவிட்டார்கள். டிராப்ட்ஸ்மேன் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மகனோடு போய்விட்டார். அவர் வரைந்த ஸ்டேஷன் வரைபடங்கள் மட்டும் ஒரு தகரக் குழாயில் என்னிடம் வந்தன. இருக்கிறவர்களில் எனக்கு மட்டும்தான் இன்னும் மாடிப்படி ஏறமுடிகிறது. கூட்டம் கலைவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கணக்கு ஒப்படைக்காமல் கலைந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

எதை ஒப்படைக்கிறோம் என்று புரிய லைனின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டிப் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வழியாகக் கடலூருக்குப் போகிற பாதை தாது வருஷப் பஞ்ச காலத்தை ஒட்டி, 1870-களின் பிற்பாதியில் போட்டது. போட்டது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. 1874-இல் இரண்டு பழைய கம்பெனிகளைச் சேர்த்து உண்டானது அது. அவற்றில் ஒன்றான கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1861-இலேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு அகலப் பாதை போட்டு வண்டி விட்டிருந்தது. புதுக் கம்பெனி அந்த அகலத்தைப் பிடுங்கி எறிந்து மீட்டர் அளவுக்குச் சுருக்கியது. நூற்றிச் சொச்சம் வருஷம் கழித்து நாம் அதை மறுபடி அகலமாக்கினோம். நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் இதைச் சொல்லிச் சிரிப்பார்: “எங்க ஊரு மண்ணுக்குத்தான் தெரியும் சார், எந்த அளவு சரின்னு யாருமே முடிவு பண்ணலைங்கிறது.”

மீட்டர் அளவு வந்ததே ஒரு வேடிக்கை. 1870-இல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது சிக்கனமான குறுகிய பாதை வேண்டும் என்று முடிவானது. இந்தியா சீக்கிரம் மெட்ரிக் முறைக்கு மாறிவிடும் என்று நம்பிச் சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். சந்தையில் படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வர 1950-களின் கடைசி ஆயிற்று. எங்கள் ஊர் மளிகைக் கடைக்கு எண்பது வருஷம் முன்பே தண்டவாளம் மெட்ரிக்கில் கிடந்தது.

இந்த லைனின் மவுசு 1920-களின் கடைசி வரை. விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் கார்டு லைன் வரும்வரை, மெட்ராஸிலிருந்து சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் போகிற பெரிய வண்டிகளெல்லாம் பண்ருட்டி வழியாகத்தான் போயின. தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் பிடிக்கப் போன போட் மெயில், 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில், இரண்டும் இந்த வழிதான். 1897 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து மாயவரம் வழியாக மெட்ராஸுக்கு ரயிலில் போன விவேகானந்தரும் எங்கள் பிளாட்பாரத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். நெல்லிக்குப்பத்துப் பாரி ஆலைச் சர்க்கரை, புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறிய தென்னாற்காடு மல்லாட்டை, பண்ருட்டிப் பலா என்று சரக்குக்கும் குறைவில்லை. நான் வேலைக்கு வந்த காலத்திலும் பலா சீசனில் பார்சல் ஆபீஸ் வாசலில் ஒரு பழத்தில் இடறாமல் நடக்க முடியாது. வாசனை டிக்கெட் கவுண்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

கார்டு லைன் வந்ததும் முக்கியமான வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. இதற்கு ‘மெயின் லைன்’ என்ற பெயர் மட்டும் மிச்சம். 1960-களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்சாரம் வந்தது. மீட்டர்கேஜில் 25,000 வோல்ட் என்பது அப்போது பெரிய சங்கதி. ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின்கள். கம்பி விழுப்புரத்தோடு நின்றுவிட்டதால் அங்கே மின்சார எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சினைக் கோப்பார்கள், அது கரி அள்ளிப் போட்டுக்கொண்டு பண்ருட்டிக்கு வரும். பிறகு டீசல் வந்தது. 1992-இல் நாடெங்கும் ஒரே அகலம் என்ற திட்டம் தொடங்கியது. 2004 ஜூலையோடு சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் நின்றது. 2006 கடைசியில் எங்கள் லைனை மூடினார்கள். 2010-இல் அகலப் பாதையாகத் திறந்தபோது பண்ருட்டியில் பிளாட்பாரம், கட்டடம், சிக்னல் எல்லாம் புதிது.

நடுவிலிருந்த அந்த மூன்று சொச்சம் வருஷத்தில்தான் எங்கள் கூட்டம் பிறந்தது. தண்டவாளத்தைக் கழற்றி லாரியில் ஏற்றுவதைப் பார்க்க நாங்கள் தினமும் போவோம். கேங்மேட் தண்டவாளத்தின் பக்கவாட்டைக் கையால் துடைப்பார். இங்கிலாந்து ஆலையின் பெயரும் உருட்டிய வருஷமும் புடைப்பாகத் தெரியும். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். வருஷ எண்களை மட்டும் வாசிப்பார். தன் பகுதியில் எந்த மைலில் எந்த வருஷத்து இரும்பு கிடக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதிய நோட்டுதான் எங்கள் சேகரிப்பின் முதல் உருப்படி.

இரும்பையே ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். இங்கே ஒரு விஷயத்தைப் பளிச்சென்று சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் ரயில் இரும்பு ரயில்வேயுடையது. 1966-இல் வந்த ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டுச் சொத்து என்று சந்தேகப்படும்படியான ரயில்வே பொருள் ஒருவர் கையில் இருந்தால், அது முறையாக வந்ததுதான் என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. பாதுகாப்புப் படைக்காரர் வந்து கேட்டால் “சரித்திர ஆர்வம் சார்” என்று சொல்லித் தப்ப முடியாது. பென்ஷன்காரனுக்கு இந்த விளையாட்டெல்லாம் ஆகாது.

பிரிட்டனில் கதை வேறு. 1951-இல் வேல்ஸ் மலைப்பகுதியில் டாலிலின் என்ற சின்ன லைனைத் தொண்டர்களே ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். உலகத்திலேயே முதல் முயற்சி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதே வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரில் உட்ஹாம் என்ற பழைய இரும்பு வியாபாரி, நீராவி எஞ்சின்களைச் சல்லிசாக வாங்கிக் குவித்தார். சரக்குப் பெட்டிகளை உடைப்பது சுலபம் என்று அவற்றை முதலில் உடைத்துக்கொண்டிருந்ததால் எஞ்சின்கள் கடலோர உப்புக்காற்றில் வருஷக்கணக்கில் துருப்பிடித்து நின்றன. அங்கே வந்த 297 எஞ்சின்களில் 213-ஐ ரயில் பிரியர்கள் உண்டியல் குலுக்கியும் சந்தா வசூலித்தும் மீட்டுப் போனார்கள். கடைக்காரருக்குக் காசு கொடுத்தால் எஞ்சின் உங்களுடையது. இங்கே மீட்டர்கேஜ் எஞ்சின்கள் ஏலம் போன கையோடு கேஸ் கட்டரில் துண்டாயின. ரயில்வே தானாக நினைத்து வைத்தவைதான் தப்பின: 1977-இல் திறந்த டெல்லி அருங்காட்சியகம், 2002-இல் சென்னையில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி வந்தது, 2014-இல் திருச்சியில் வந்தது, அப்புறம் பெரிய ஆபீஸ்களின் வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பவை. 1855-இல் செய்த ஃபேரி குயின் எஞ்சினுக்கு 1990-களில் மறுபடி உயிர் கொடுத்தது பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளிகள். அதெல்லாம் பெருமைதான். ஆனால் தொண்டர்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே இந்தியாவில் எங்களைப் போன்ற ஒரு கூட்டத்துக்கு மிஞ்சுவது இரண்டே: கழித்துக் கட்டிய காகிதம், ஆட்களின் ஞாபகம்.

காகிதத்திலும் ஜாக்கிரதையாக இருந்தோம். பழைய பேப்பர் ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் எடைக்கு வாங்கினோம், ஒவ்வொரு தடவையும் ரசீதோடு. வியாபாரி சிரிப்பார்: “கடலை மடிக்கிற பேப்பருக்கு யாருங்க ரசீது கேப்பாங்க?” கேட்டோம். அந்த ரசீதுகளைத் தனி ஃபைலாக வைத்திருக்கிறேன். என்னைக் கேட்டால் சேகரிப்பில் விலைமதிப்பு அதற்குத்தான் அதிகம். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் களவாடிய சொத்து என்று எவரும் சொல்லலாம்.

அப்படிச் சேர்ந்தவை: ஸ்டேஷன் டைரிகள், டிரெயின் சிக்னல் ரிஜிஸ்டர்கள், ஒர்க்கிங் டைம் டேபிள்கள், அட்டை டிக்கெட்டுகள். டிக்கெட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எட்மண்ட்சன் என்ற வெள்ளைக்காரர் 1830-களில் கண்டுபிடித்த அதே கெட்டி அட்டை, தேதி குத்துகிற இயந்திரத்தின் ‘கட்டக்’ சத்தம், குழந்தை டிக்கெட் என்றால் மூலையை வெட்டிக் கணக்குக்கு வைத்துக்கொள்வது. அதை விடுகிறேன். சேகரிப்பவர்களுக்கு டிக்கெட் என்றால் ஆசை. எங்களிடம் இருந்தவற்றுக்கு எத்தனையோ பேர் விலை பேசினார்கள். சிக்னல் ரிஜிஸ்டரை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கோ அதுதான் ஸ்டேஷனின் உயிர்.

அது ஏன் என்று சொல்ல டோக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒற்றை லைனில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காத்தது ஓர் இரும்புப் பந்து. நீல்ஸ் பால் டோக்கன் என்று பெயர். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு சிவப்பு இயந்திரம், இரண்டையும் இணைக்கிற மின்கம்பி. நான் வண்டி அனுப்ப வேண்டுமானால் மணிக்குறியில் அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு லைன் கிளியர் கேட்பேன். அவர் அங்கே சம்மதித்து மின்சாரம் கொடுத்தால்தான் என் இயந்திரத்தின் கைப்பிடி திரும்பும். திரும்பினால் ஒரு பந்து ‘டங்’ என்று கீழே விழும். அது விழுந்துவிட்டால் இரண்டு இயந்திரங்களிலும் இன்னொரு பந்து வராது. அந்தப் பந்து டிரைவர் கையில் இருந்தால் மட்டுமே வண்டி அந்தப் பிரிவுக்குள் நுழையலாம். அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த மாஸ்டர் பந்தைத் தன் இயந்திரத்தின் மேல்வாயில் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால்தான் லைன் மூடியதாகக் கணக்கு. பந்தில் இரண்டு ஸ்டேஷன்களின் எழுத்தும் வரிசை எண்ணும் வெட்டியிருக்கும். பக்கத்துப் பிரிவின் பந்து இந்த இயந்திரத்தில் நுழையாதபடி உருவத்தையே மாற்றிச் செய்திருப்பார்கள். ஒரே திசையில் நிறைய வண்டிகள் போனால் பந்தெல்லாம் ஒரு பக்கம் குவிந்துவிடும். சிக்னல் இலாகாக்காரர் வந்து முத்திரையை உடைத்து, எண்ணி எடுத்து, மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அதற்கும் இரண்டு கையெழுத்து.

நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸுக்குப் பந்தைக் கொடுப்பது பாயிண்ட்ஸ்மேன் வேலை. பிரம்பு வளையத்தில் தோல் பை, பைக்குள் பந்து. பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்று வளையத்தை உயர்த்திப் பிடிப்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து சாய்ந்து ஒருவர் கையை நுழைத்து வாங்குவார். அதே மூச்சில் முந்தைய பிரிவின் வளையத்தை எறிவார். ராத்திரியில் தீப்பந்த வெளிச்சத்தில் இது நடக்கும். எங்கள் பாயிண்ட்ஸ்மேனின் வலது முன்கையில் முழங்கை வரை ஓடுகிற தழும்பு அப்படி வந்ததுதான். “பிடிக்கிறவன் கண்ணப் பாக்கக் கூடாது மாஸ்டர், அவன் தோளப் பாக்கணும்” என்று அவர் சொல்லிக்கொடுத்ததை டேப்பில் பதிவு செய்திருக்கிறோம். எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சிவப்பு இயந்திரத்தை வைக்கலாம், பந்தையும் பக்கத்தில் வைக்கலாம். தோளைப் பார்க்க வேண்டும் என்பதை எப்படி வைப்பது?

இந்தக் கைப்பிடி திருப்பல் ஒவ்வொன்றும் நிமிஷ சுத்தமாக ரிஜிஸ்டரில் ஏறும். எப்போது கேட்டேன், எப்போது கிடைத்தது, எந்த எண் பந்து, வண்டி எப்போது புறப்பட்டது, எப்போது போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் பக்கத்தைப் புரட்டினால் அந்த நாளின் பண்ருட்டியே தெரியும்: எந்தக் கூட்ஸ் எவ்வளவு நேரம் லூப் லைனில் கிடந்தது, மழையில் எந்த வண்டி பிந்தியது, சிக்னல் கம்பியில் யார் வீட்டு மாடு சிக்கியது. கைகாட்டி விளக்கு காற்றில் அணைந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு. குறிப்பிட்ட காலம் ஆனதும் இவற்றை அழித்துவிடலாம் என்பது விதி, அதன்படியே அழித்தார்கள். எங்களிடம் இருப்பவை அந்த விதிக்குத் தப்பிய சில.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை ஊரே அறியும். தலைமுறை கண்ட மரங்கள். அந்தக் களேபரத்தில் என் வீட்டு ஓடுகள் பறந்ததும் அறைக்குள் தண்ணீர் இறங்கியதும் ஒரு விஷயமே அல்ல. கரண்ட் இல்லாத நாட்களில் கொல்லையில் கொடிகட்டி ரிஜிஸ்டர் தாள்களைப் பிரித்துக் காயப்போட்டோம். அரசாங்க நீல மை நனைந்தும் நின்றது. பின்னாளைய பால்பாயிண்ட் எழுத்தும் நின்றது. ஜெராக்ஸ் எடுத்துவைத்த தாள்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயின. சேகரிப்பில் ஒரு பங்கை அன்று இழந்தோம். கூட்டத்தின் தளர்ச்சி அன்றுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். முந்திரித் தோப்பு போனவர்கள் ரயில் காகிதத்தைப் பற்றிப் பேச எங்கே வருவார்கள்.

திருவதிகையில் இருந்துகொண்டு தொண்டு வேலை நிலைக்காது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. வீரட்டானத்துக் கோவிலில் அலகிட்டு மெழுகிக் கிடந்த திலகவதியாரின் ஊர் இது. தம்பி மருள்நீக்கியார் பாடலிபுரத்தில் சமணத் தலைவராக இருந்துவிட்டுச் சூலைநோயோடு அக்காளைத் தேடி இங்கேதான் வந்தார். பாடலிபுரம் என்பது நம் திருப்பாதிரிப்புலியூர். வரைபடத்தில் பார்த்தால் அவர் வலியோடு வந்த வழி எங்கள் லைனை ஒட்டியேதான் போகிறது. பின்னாளில் கையில் உழவாரத்தோடு கோவில் கோவிலாகப் புல் செதுக்கிய நாவுக்கரசரின் பெயரில் இன்றைக்கும் உழவாரப் பணிக் கூட்டங்கள் தமிழ்நாடு முழுக்க நடக்கின்றன. பதின்மூன்று நூற்றாண்டு கடந்தும் அந்த வேலை ஓயவில்லை. எங்கள் வேலை சில வருஷத்தில் ஓய்ந்துவிட்டது. வாத்தியார் இதைச் சொல்லி வருந்துவார். எனக்கு விடை சுலபமாகத் தெரிந்தது. கோபுரத்தில் புல் முளைத்துக்கொண்டே இருக்கும், செதுக்க ஆளும் வந்துகொண்டே இருப்பார்கள். மீட்டர்கேஜ் இனி முளைக்காது. கிடைக்கக்கூடிய ரிஜிஸ்டர்கள் கிடைத்துவிட்டன, பேசக்கூடியவர்கள் பேசிவிட்டார்கள். முடியக்கூடிய வேலை முடிந்தால் கூட்டம் கலைவதே முறை.

அதே கதையின் இன்னொரு முனையைக் கேங்மேட் பிடித்துக்கொள்வார். குணபரன் என்ற பல்லவ மன்னன் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அதைக் கொண்டு இங்கே குணபரவீச்சரம் என்ற கோவிலைக் கட்டினான் என்று பெரியபுராணம் சொல்கிறது. “இடிச்சதக் கொண்டாந்து கட்டறது நம்ம ஊருக்குப் புதுசா மாஸ்டர்?” என்பார். பழைய தண்டவாளம் எத்தனை மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு உத்தரமாகக் கிடக்கிறது, எத்தனை கொல்லைக்கு வேலிக்காலாக நிற்கிறது என்று விரல்விட்டுச் சொல்வார்.

கலைவது என்று முடிவானதும் மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று வாத்தியார் தேடினார். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ பக்கம் 1937-இல் சேர்ந்த ரயில் பிரியர்கள் சிலர் எஞ்சின்களையும் பெட்டிகளையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். நிறுத்த இடமில்லை. 1969-இல் ஏறக்குறைய முப்பது எஞ்சின்களையும் பெட்டிகளையும் கலிபோர்னியா அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1981-இல் சேக்ரமென்டோவில் திறந்த பெரிய ரயில் அருங்காட்சியகத்துக்கு அதுதான் முதல். கொடுத்ததால் பிழைத்தது. நம் பக்கம் அதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், வீடு கொள்ளாமல் புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக்கியது. தனி மனிதர் சேகரிப்பு வேறு கைக்குப் போனால் அழிந்துவிடும் என்கிற பயத்துக்கு அது ஒன்றே பதில்.

எங்கள் சரக்குக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. கேட்டுப் பார்த்த ஓர் அருங்காட்சியகம் விளக்கு, மணி, பந்து இருந்தால் தாருங்கள் என்றது. ரிஜிஸ்டர் என்றதும் பதில் வரவில்லை. ஒரு கல்லூரி ஸ்கேன் பண்ணிவிட்டு அசலைத் திருப்பித் தருகிறோம் என்றது. திருப்பி வாங்கிக்கொள்ள இங்கே யார் இருப்பார்கள்? காலமான உறுப்பினர் ஒருவரின் மகன் டிக்கெட்டுகளை விற்றுக் காசைப் பிரித்துக்கொள்ளலாம் என்றான். அவன் அப்பா சேர்த்ததை அவனிடமே கொடுத்துவிட்டேன். மீதியைப் பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டைத் தனியாகவும் ரிஜிஸ்டரைத் தனியாகவும் பிரித்தால் அந்த டிக்கெட் எந்த வண்டிக்கு விற்றது என்று ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் காகிதம், டேப், வரைபடம், ரசீது ஃபைல் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள ஒரு நூலகம் ஒத்துக்கொண்டது. அங்கிருந்து வந்த பெண் என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உருப்படியாகப் பார்த்து டிக் போட்டாள். பழைய ஸ்டேஷன் மாஸ்டர்கள் தோற்றார்கள். “இதுல பதினேழாவது தாள் இல்லையே சார்” என்றாள். புயலில் போனது என்று விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் இழுபறி. ஸ்டேஷன் டைரிகளில் ஆட்களின் குற்றமும் இருக்கும். யார் தூங்கிப்போனார், யார் கேட்டைத் திறந்து போட்டார், யாரிடம் விளக்கம் கேட்டார்கள். அந்தப் பெயர்களுக்குரியவர்களில் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், மற்றவர்களின் பிள்ளைகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். அந்த டைரிகளைக் கட்டி முத்திரை வைத்து, இருபது வருஷம் யாரும் பிரிக்கக் கூடாது என்று நிபந்தனை போடலாம் என்றேன். வாத்தியாரும் தலையாட்டினார். நூலகப் பெண்ணும் சம்மதித்தாள். கேங்மேட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள், லைன் பிளாக் கொடுத்த நேரத்துக்குள் அவருடைய கேங் வேலையை முடிக்காததால் பாசஞ்சர் அவுட்டர் சிக்னலில் நின்றது, அவரிடம் விளக்கம் கேட்டார்கள். அந்த வரி அதில் இருக்கிறது. எழுதியது நான்தான்.

“அந்த ஒரு வரியிலதான் மாஸ்டர் எம் பேரு இருக்குது” என்றார். “முப்பத்தஞ்சு வருஷம் லைன்ல கெடந்தேன். மத்த நாளெல்லாம் வண்டி நேரத்துக்குப் போச்சு, அதனால யாரும் எம் பேர எழுதல. அதையும் கட்டி வச்சுட்டா நான் அங்க வேல பாத்தேன்னு எவன் நம்புவான்?”

மற்ற டைரிகள் கட்டு முத்திரையோடு போகின்றன. அவருடைய வரி இருக்கிற டைரியைப் பட்டியலில் வேறு வரிசைக்கு மாற்றி, ‘திறந்தது’ என்று எழுதி, நூலகப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கினேன். சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்று கேட்டாள். மேட் கட்டைவிரலை நீட்டினார்.